ஒரே வாரத்தில் இரண்டு கையெழுத்து

2021 ஜனவரியில், ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் கையெழுத்துப் போட்டேன்.

முதலாவது, டோவர் காட்டை அழிக்க வேண்டாம் என்று கேட்ட ஓர் இணைய மனு. அலுவலகத் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கோப்பிக்கடை வரிசையில் நின்றபடியே பெயரைத் தட்டிவிட்டேன். இரண்டாவது கையெழுத்துக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஏழு மாதக் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, கணவருடன் தோ பாயோவில் உள்ள வீவக நடுவத்துக்குப் போனேன். நான்கறை வீட்டுக்கான குத்தகை ஒப்பந்தம். வீடு இருக்கும் இடம் தெங்கா.

அன்று எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு சங்கதியையும் அம்மாவிடம் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டார்: “டோவர்ல காட்ட வெட்டாதேன்னு எழுதிக் கொடுத்துட்டு, தெங்காவுல காட்ட வெட்டிக் கட்டுற வீட்டுக்குக் காசு கட்டிட்டு வந்திருக்கியா? நல்லா இருக்கே கதை!”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தேடித்தான் அதன்பின் நிலப் படங்களையும் அறிக்கைகளையும் படிக்க ஆரம்பித்தேன். நான் தாவரவியல் படித்தவள் இல்லை. கணக்கு வழக்குப் பார்க்கிற வேலை. ஆனால் எண்களைப் படிக்கத் தெரியும். தெங்காவின் கதையில் எண்களுக்குக் குறைவில்லை.

தெங்கா நகரின் பரப்பளவு சுமார் 700 ஹெக்டர். ஏறக்குறைய பீஷான் அளவு. 42,000 வீடுகள் வரும் என்று திட்டம். அவற்றில் 30,000 வீவக வீடுகள். 2016ஆம் ஆண்டில் திட்டத்தை அறிவித்தபோது, இதைக் ‘காட்டு நகரம்’ என்றே விளம்பரப்படுத்தினார்கள். எந்தக் காட்டை வெட்டுகிறார்களோ அதன் பெயரையே நகருக்கும் சூட்டுவது நமக்குப் புதிதில்லை. தோட்டம் இருந்த இடத்தில் ‘தோட்டம்’ என்றும் மாமரம் நின்ற இடத்தில் ‘மாம்பழச் சாலை’ என்றும் பெயர் வைத்துவிட்டால் மனத்துக்கு ஓர் ஆறுதல்.

தெங்கா ஆதிகாலத்துக் காடும் இல்லை. தோட்டங்கள், கம்பங்கள், செங்கல் சூளைகள் எல்லாம் இருந்த மண் அது. செங்கல்லுக்கு ஏற்ற களிமண். இன்றும் கட்டுமானத் தளத்தில் மழை பெய்தால் அந்தச் சிவப்பு தெரியும். மக்கள் போன பிறகு ராணுவப் பயிற்சிக்குப் பயன்பட்டது. என் கணவர் தேசிய சேவையின்போது அங்கே பதுங்கு குழி தோண்டியவர். “நான் குழி தோண்டுன இடத்துக்கு நானே 25 வருஷக் கடன் கட்டுறேன்,” என்பது அவர் எல்லா விருந்திலும் சொல்லும் நகைச்சுவை.

மனிதர்கள் விட்டுப் போன அந்த நிலத்தில் காடு தானாக முளைத்தது. அதில் பெரும்பகுதி அல்பிஸியா மரங்கள். வெளியூரிலிருந்து வந்த இனம். மளமளவென்று வளரும், பலத்த காற்றில் கிளை முறிந்து விழும். இதை வைத்துத்தான் வாதமே நடக்கிறது. ஒரு தரப்பு, “இது காடா? களை!” என்கிறது. மறு தரப்பு அண்ணாந்து பார்க்கச் சொல்கிறது. உயரமான அல்பிஸியாவின் உச்சியில்தான் பெரிய கழுகு இனங்கள் கூடு கட்டுகின்றன. அதன் நிழலில் உள்நாட்டு மரக்கன்றுகள் மெல்லத் தலைதூக்குகின்றன. வந்தேறி மரமே உள்ளூர் மரங்களுக்குச் செவிலித்தாயாக இருக்கிறது. வந்தேறிகளின் பேத்தியான எனக்கு அல்பிஸியா மீது ஒரு பாசம் வந்துவிட்டது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் காட்டில் வேறு யார் இருந்தார்கள்? காட்டுப்பன்றிகள், எறும்புத்தின்னிகள், வைக்கோல் நிறத் தலையுடைய புல்புல் பறவைகள். இந்தப் புல்புல்லின் குரல் இனிமை. அதுவே அதற்கு எமன். கூண்டில் வைத்துப் பாட்டுக் கேட்பதற்காகவே அண்டை நாடுகளில் பிடித்துப் பிடித்து ஏறக்குறைய துடைத்துவிட்டார்கள். உலகில் எஞ்சியிருப்பவற்றில் கணிசமான பங்கு சிங்கப்பூரில்தான் வாழ்கிறது. 735 சதுர கிலோமீட்டர் தீவில், 60 லட்சம் பேருக்கு நடுவில்!

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் அசரவில்லை. அம்மா பிறந்து வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில். தாத்தாவுக்கு அங்கேதான் வேலை. 1980களின் நடுவில் யீஷூன் வீவக வீட்டுக்கு மாறினார்கள். “நீ சூன்னு பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? ரப்பர், அன்னாசின்னு பெரிய முதலாளியா இருந்தவரு பேரு அது. நம்ம யீஷூன் வீடும் ரப்பர் மரத்து மேலதான் நிக்குது. அந்த வீட்டுல இருந்துதான் நீ படிச்ச, பட்டம் வாங்கின. அப்ப யாரும் மனு கொடுக்கல,” என்றார்.

உண்மைதான். அந்தக் காலத்தில் மின்தூக்கியும் குழாய்த் தண்ணீரும் அம்மாவுக்கு விடுதலை. கம்பத்து வாழ்க்கையைப் பற்றி ஏங்குகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். வெளியே இருந்த கழிவறையையும் கொசுவையும் வெள்ளத்தையும் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை என்பார். காட்டைக் காப்பாற்று என்று வசதியான வீட்டில் உட்கார்ந்து சொல்வது எளிது. வீட்டுக்காகக் காத்திருக்கும் தம்பதிக்கு அது கேட்காது. நாங்களே மூன்று முறை குலுக்கலில் தோற்ற பிறகுதான் தெங்கா கிடைத்தது. இந்தப் பக்கத்தைப் படிக்கிற இளையர்கள் பலருக்கு அந்தக் காத்திருப்பு என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆக, வெட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி எனக்கு நாளடைவில் மாறிப்போனது. எங்கே வெட்டுவது, எதை விடுவது, விட்டவற்றை எப்படி இணைப்பது? நிலவனப்புத் திட்டம் என்று ஒரு துறையே இதற்காக இருக்கிறது. மரம் நட்டு அழகுபடுத்துவதுதான் அது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். சாலையோரத்துப் பூச்செடி அதில் கடைசி வேலை.

நம் பழைய வீடுகளை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். நடுவீடு ஒன்று, திண்ணை ஒன்று, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே நடைபாதை ஒன்று. சிங்கப்பூரில் நடுவீடு என்றால் புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு போன்ற இயற்கை வனப்பகுதிகள். சட்டம் காவல் நிற்கிற இடங்கள் அவை. நாட்டில் மொத்தம் நான்கே உள்ளன. அவற்றைச் சுற்றி இருக்கும் செஸ்ட்நட், வின்ட்சர், ரைஃபிள் ரேஞ்ச் போன்ற இயற்கைப் பூங்காக்கள் திண்ணைகள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையும் நகரத்தின் வெக்கையையும் திண்ணை தாங்கிக்கொள்ளும். நடுவீடு அமைதியாக இருக்கும். இந்த இடங்களுக்கு நடுவே விலங்குகள் போய்வருவதற்கான பசுமை வழித்தடம்தான் நடைபாதை.

நடைபாதை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னே உதாரணம் இருக்கிறது. 1986ல் திறக்கப்பட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை, புக்கிட் தீமா வனப்பகுதியை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து வெட்டிப் பிரித்தது. மேற்கே இருப்பது சுமார் 163 ஹெக்டர் மட்டுமே. அந்தச் சிறு துண்டுக்குள் அடைபட்ட விலங்குகள் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்க வேண்டும், அல்லது ஆறு தடச் சாலையைக் கடக்க வேண்டும். கடந்தவை அடிபட்டன. எறும்புத்தின்னி ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். ஒரு கார், ஒரு தாய் என்றால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். 2013ல் விரைவுச்சாலையின் மேலே விலங்குகளுக்காகவே ஒரு பாலம் கட்டினார்கள். 62 மீட்டர் நீளம். குறுகலான இடத்திலும் 50 மீட்டர் அகலம். சுமார் 16 மில்லியன் வெள்ளி செலவு. மண் கொட்டி மரம் நட்டுக் காத்திருந்தார்கள். மறைகேமராவில் எறும்புத்தின்னியும் மரநாயும் கடந்து போவது பதிவானது. நானும் காரில் அந்தப் பாலத்துக்குக் கீழே போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். இலைதான் தெரியும்.

வெட்டிவிட்டுத் தைக்கிற செலவு அது. முதலிலேயே திட்டமிட்டால்?

தெங்காவில் முதலிலேயே திட்டமிட்டிருக்கிறார்கள் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நகரின் ஓரமாக சுமார் 100 மீட்டர் அகலத்தில், 5 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு வன வழித்தடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மேற்கு நீர்ப்பிடிப்புப் பகுதியையும் மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதியையும் இணைக்கும் சங்கிலியில் அது ஒரு கண்ணி. நகரின் நடுமையத்தில் கார்களைத் தரைக்கு அடியில் விட்டுவிட்டு மேலே மக்கள் நடப்பதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டாலும் 2030க்குள் இயற்கைப் பூங்காக்களுக்குக் கூடுதலாக 200 ஹெக்டர், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 10 நிமிட நடையில் ஒரு பூங்கா என்று இலக்குகள் உண்டு. நம் வட்டாரத்து நகரங்கள் பலவற்றில் இப்படி ஒரு கோடுகூடக் கிழிக்க மாட்டார்கள்.

ஆனாலும் அந்த 100 மீட்டர் என்னை விடவில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் ஓடியவர்களுக்கு 100 மீட்டர் எவ்வளவு என்று தெரியும். காட்டின் ஓரம் எப்போதும் காடாக இருப்பதில்லை. வெயில் பக்கவாட்டில் புகும், காற்று ஈரத்தை உறிஞ்சும், தெருவிளக்கு இரவைப் பகலாக்கும், கொடிகள் ஏறும். இந்தப் பாதிப்பு விளிம்பிலிருந்து பல பத்து மீட்டர் உள்ளே போகும். இரண்டு பக்கமும் விளிம்பு என்றால் நடுவில் குளிர்ச்சியாக, இருட்டாக, காடாக மிஞ்சுவது எவ்வளவு? பன்றியும் உடும்பும் சமாளித்துக்கொள்ளும். கூச்ச சுபாவமுள்ள உயிர்கள் அந்தப் பாதையில் காலடி வைக்குமா? கூடுதலாகக் காட்டை விட்டுவைக்கும்படி சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் கேட்டதற்கு இதுவே காரணம். வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் அதைச் செய்ய வேறு எங்காவது கட்டிடத்தை உயர்த்த வேண்டும், அல்லது வேறு நிலம் தேட வேண்டும்.

வேறு நிலமே இல்லையா என்றால், இருக்கிறது. ஏற்கெனவே மனிதக் கைபட்ட நிலம். கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் ஓடியது. அந்த நிலம் வீடுகளுக்காகத் திரும்பி வருகிறது. பாய லேபார் விமானத் தளம் 2030களில் இடம் மாறிய பிறகு, அங்கும் சுற்றுப்புறத்திலும் ஒன்றரை லட்சம் வீடுகள் கட்டலாம் என்று சொல்லப்படுகிறது. கோல்ஃப் திடல்கள் சில ஏற்கெனவே குடியிருப்புக்காகக் கைமாறியுள்ளன. காட்டைக் கடைசியில் வை, பயன்படுத்திய நிலத்தை முதலில் எடு என்பது என் கட்சி. ஆனால் அந்த வரிசைப்படி காத்திருந்தால் எங்கள் சாவி எப்போது வந்திருக்கும் என்றும் யோசிக்கிறேன். 2024 இறுதியில் வந்தபோதே மகளுக்கு நான்கு வயது தாண்டியிருந்தது.

குடிவந்த மூன்றாம் வாரம், இரவு பதினொரு மணி. எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி. கட்டுமான வேலிக்கு அருகே காட்டுப்பன்றி ஒன்று, பின்னால் கோடு போட்ட குட்டிகள் நான்கு. ஐந்து நிமிடத்தில் நூறு செய்திகள். “பிள்ளைகள் விளையாடும் இடம், உடனே அதிகாரிகளைக் கூப்பிடுங்கள்,” என்றார் ஒருவர். “நாம்தான் அவற்றின் வீட்டுக்கு வந்திருக்கிறோம்,” என்றார் இன்னொருவர். “அப்படியானால் நீங்கள் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்,” என்று மூன்றாமவர். நான் எதையோ தட்டச்சு செய்து, அழித்து, மறுபடி தட்டச்சு செய்து, கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை. மகள் கீழே சைக்கிள் ஓட்டுகிற பாதை அது. மனுவில் கையெழுத்துப் போட்ட விரல்தான் அன்று ‘உடனே கூப்பிடுங்கள்’ பக்கம் போகப் பார்த்தது.

மறுநாள் யாரோ ஒருவர் அந்த இடத்தில் ரொட்டித் துண்டுகளைப் போட்டிருந்தார். அன்பாகத்தான். ஆனால் 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி, முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். ருசி கண்ட பன்றி மனிதனைத் தேடி வரும். அதன்பின் அதற்கு நல்ல முடிவு கிடையாது. குழுவில் அதை மட்டும் எழுதினேன். பன்றியைப் பார்த்தால் நெருங்காதீர்கள், விளக்கடித்துப் படம் எடுக்காதீர்கள், குட்டிக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள். என்னால் முடிந்த சமாதான உடன்படிக்கை அவ்வளவுதான்.

டோவர் மனு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 33 ஹெக்டர் காடு அது. பெருந்திட்டத்தில் 2003ஆம் ஆண்டு முதலே குடியிருப்பு நிலம் என்று குறிக்கப்பட்டிருந்தது. பச்சையாக நாம் பார்த்த இடம், வரைபடத்தில் வெளிர் ஆரஞ்சு நிறம்! மக்களின் கருத்துகள் குவிந்த பிறகு 2021 ஜூலையில் திட்டத்தை மாற்றினார்கள். பல்லுயிர் வளம் அதிகமுள்ள மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை. கிழக்குப் பாதியில் வீடுகள், அவற்றின் நடுவே ஏறக்குறைய 5 ஹெக்டர் இயற்கைப் பூங்கா. 2022 இறுதியில் அங்கே முதல் வீடுகள் விற்பனைக்கு வந்தன. என் அக்காள் மகன் விண்ணப்பித்தான், கிடைக்கவில்லை. சித்தி மனு போட்டதால்தான் கிடைக்கவில்லை என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான்.

அதே 2021 பிப்ரவரியில்தான் கிராஞ்சியில் இன்னொரு செய்தி. ரயில் பாதை வழித்தடத்தை ஒட்டிய காட்டில் சுமார் 4.5 ஹெக்டர், சுற்றுச்சூழல் ஆய்வு முடியும் முன்பே தவறுதலாக வெட்டப்பட்டுவிட்டது. வானிலிருந்து யாரோ எடுத்த படம் பரவியபோதுதான் ஊருக்கே தெரிந்தது. ஒப்புக்கொண்டார்கள், விசாரித்தார்கள், நடைமுறையை மாற்றினார்கள். மரம் ஒட்டாது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஏதேனும் பொதுமக்களின் கருத்துக்காக இணையத்தில் வந்தால் எடுத்துப் பார்ப்பேன். நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். முழுவதையும் படிக்க முடியாது. வரைபடங்களையும், எந்த விலங்கு எங்கே தென்பட்டது என்ற பட்டியலையும், பாதிப்பைக் குறைக்க என்ன செய்யப் போகிறார்கள் என்ற பகுதியையும் மட்டும் பார்ப்பேன். இரண்டு முறை கருத்து எழுதி அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தில் உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள பச்சை எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். வீடு வாங்கும்போது எம்ஆர்டி எவ்வளவு தூரம், பள்ளி எவ்வளவு தூரம் என்று பார்க்கிற நாம் அதைப் பார்ப்பதில்லை. நான் பார்க்கவில்லை. என் சமையலறை ஜன்னலுக்கு எதிரே இருக்கும் மரங்கள் அடுத்த கட்டக் குடியிருப்புக்கு உரியவை என்பது சாவி வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் அம்மா இரண்டு நாள் தங்க வந்திருந்தார். மாலையில் மூவரும் வழித்தடப் பக்கம் நடந்தோம். குச்சியில் கட்டிய இளங்கன்றுகள், பின்னால் பழைய காட்டின் மிச்சம். அம்மாவுக்கு மூட்டுவலி, எதற்கு இவ்வளவு தூரம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவர், வேலியோரப் புதர் ஒன்றைக் கண்டதும் நின்றுவிட்டார். ஊதாப் பூ, கொத்தாகச் சிறு காய்கள்.

“அடி, செண்டுடோக்!”

மலாய்ப் பெயர்தான் அவருக்குத் தெரியும். கடற்படைக் குடியிருப்புக்குப் பின்னால் புதர் புதராக இருக்குமாம். வெடித்த பழத்தைத் தின்றால் நாக்கு கருநீலமாகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யார் நாக்கு அதிகம் கறுத்திருக்கிறது என்று அம்மாவும் தங்கைகளும் போட்டி போடுவார்கள். இதை எங்களிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கழிவறையையும் கொசுவையும் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்.

மகள் கையை நீட்டினாள். நான் அறிவிப்புப் பலகையைக் காட்டி, பறிக்கக் கூடாது என்றேன். அம்மா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்ப இவ நாக்கு கறுக்கவே கறுக்காதா?”

தொட்டியில் வைத்தாலும் வளருமாம். நாற்றுப்பண்ணைகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.